திங்கட்கிழமைக்குள் குப்பையை எரிக்கச் சொல்கிறார்கள், உடனே யாராவது வழி சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறைக்காரி

அக்கா, அண்ணா எல்லாருக்கும் வணக்கம். அவசரம். இங்கே வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. டவுனுக்கு வெளியே, சுற்றிலும் மேய்ச்சல் நிலம், நடுவில் ஒரு பழைய வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். பின்பக்கம் தைல மரத்துக் கிளை, உரிந்து விழுந்த பட்டை, சருகு எல்லாம் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. முன்னால் இருந்தவர்கள் போட்டுவிட்டுப் போனது. வீட்டு ஏஜென்ட் போன் செய்து, திங்கட்கிழமைக்கு முன்னால் எரித்துவிடுங்கள், அப்புறம் எரிக்க முடியாது என்கிறார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வேலி ஓரம் நின்று ஏதோ சொன்னார், பாதிதான் புரிந்தது. போன் செய், போன் செய் என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது. யாருக்குப் போன் செய்வது, போலீசுக்கா? என் வீட்டுக்காரர் தோப்பில் தென்னை மட்டை எரித்து வளர்ந்தவர், ஞாயிறு சாயங்காலம் கொளுத்திவிடலாம் என்கிறார். எனக்குக் கை கால் ஓடவில்லை. விசாவுக்கு ஏதாவது ஆகுமா?

வாளையார் அண்ணன்

பயப்படாதே தங்கச்சி. நான் இருப்பது நியூயார்க் மாநிலத்தில், நகரம் இல்லை, வடக்கே பண்ணைப் பக்கம். இங்கே மார்ச் 16 முதல் மே 14 வரைதான் தடை. பனி உருகியதும் போன வருடத்துப் புல் காய்ந்து கிடக்கும், புதுப்புல் வந்திருக்காது, அதனால் வசந்த காலம்தான் ஆபத்து. மற்ற மாதங்களில் 20,000 பேருக்குக் குறைவாக இருக்கிற ஊரில் கிளைகளை எரிக்கலாம், நீளம் 8 அடி, தடிமன் 6 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். சருகு மட்டும் எரிக்கவே கூடாது, அதை மக்க விட வேண்டும். கோடை வந்துவிட்டால் நிம்மதிதான். நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில் இதையெல்லாம் சொல்ல ஒரு ஆள் இல்லை. கார் கிடையாது, கடைக்குப் போக வேண்டுமென்றால் யாரையாவது கெஞ்ச வேண்டும், வாசலில் பனி முழங்கால் வரை. நீங்கள் கொடுத்து வைத்தவர்கள், உங்களுக்கு இந்த மாதிரி கேட்க இடம் இருக்கிறது.

சித்தூர் தமிழன்

அண்ணா சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் கலிபோர்னியா. இங்கே கோடையில்தான் எரிக்கவே கூடாது. மே 1 முதல் தீப்பருவம் முடியும் வரை அனுமதிச் சீட்டு வேண்டும், வறட்சி அதிகமானால் அதையும் நிறுத்தி வைப்பார்கள். குவியல் 4 அடிக்கு 4 அடிக்கு மேல் போகக் கூடாது, சுற்றி 10 அடிக்கு வெறும் மண் தெரிய வேண்டும், அன்றைக்குக் காற்று மாசுத் துறை எரிக்கலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆள் உயரக் குவியலுக்கு ஒரே மூச்சில் தீ வைப்பது எந்த நாட்டிலும் தவறு. ஆனால் தங்கச்சி, நீங்கள் எந்த நாடு என்றே சொல்லவில்லையே?

கூடலூர் பையன்

எனக்குக் கோபமே இந்த ஏஜென்ட்கள் மேல்தான். வாடகைக்கு விடும்போது சிரித்துச் சிரித்துப் பேசுவார்கள், அப்புறம் பத்து வருடக் குப்பை நம் தலையில். போன வீட்டில் எனக்கும் இதே கதை, வேலி சாய்ந்தால் நான், குழாய் ஒழுகினால் நான். பக்கத்து வீட்டுக்காரர்களும் முகம் பார்த்துப் பேச மாட்டார்கள், புகை தெரிந்தால் நேரே தீயணைப்புக்குப் போன். நம் ஊரில் யார் வீட்டில் புகை வந்தாலும் முதலில் எட்டிப் பார்த்து என்ன ஏது என்று கேட்பார்கள் இல்லையா?

வேலந்தாவளம்

கேட்பார்கள் என்பது பழைய காலம் தம்பி. பிரம்மபுரம் குப்பைமேடு 2023 மார்ச்சில் பற்றிக்கொண்டு கொச்சி முழுக்கப் பத்து நாளுக்கு மேல் புகையில் மூச்சு முட்டியதே, அதற்கப்புறம் கேரளாவில் பிளாஸ்டிக் எரித்தால் பஞ்சாயத்தே அபராதம் போடுகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் திறந்த வெளியில் குப்பை எரிக்கப் பசுமைத் தீர்ப்பாயம் 2016லேயே தடை போட்டாயிற்று. ஊரில் எரித்தோம், இங்கே ஏன் கூடாது என்று அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் வாதாட இடமே இல்லை.

கம்பம் அக்கா

உன் வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டு. நான் போடி பக்கத்தில் வாக்கப்பட்டவள். 2018 மார்ச் 11, குரங்கணி மலையில் தீ. மலையேறப் போன பிள்ளைகள் காய்ந்த புல்லுக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள், இருபதுக்கு மேற்பட்ட உயிர் போயிற்று. சரிவில் தீ மேல்நோக்கி ஏறும்போது மனுஷன் ஓடி ஜெயிக்க முடியாது. தோப்பில் மட்டை எரிப்பது வேறு, அங்கே ஈர வரப்பும் வாய்க்காலும் இருக்கும். சுற்றிலும் இடுப்பளவு காய்ந்த புல் நிற்கிற இடத்தில் எரிப்பது வேறு.

பெயர் வேண்டாம்

இங்கே ஒருவர் தோட்டத்தில் தீ வைத்து விசாவே போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். ஒன்றும் செய்யாதீர்கள், வீட்டைக் காலி செய்துவிடுங்கள்.

செங்கோட்டை அக்கா

இப்படிக் கேள்விப்பட்டதை எழுதி அந்தப் பெண்ணைப் பயமுறுத்தாதீர்கள். தைல மரம், திங்கட்கிழமை, ஏஜென்ட் என்றதும் எனக்கு ஆஸ்திரேலியா என்று தோன்றுகிறது. எந்த மாநிலம் கண்ணு? குவியலை அகற்றச் சொல்லிக் கவுன்சிலிலிருந்து, அதாவது நம் ஊர் நகராட்சி மாதிரி உள்ளாட்சி அமைப்பிலிருந்து, கடிதம் வந்ததா, வந்தால் யார் பெயருக்கு? குவியலில் மரக்கிளை தவிர வேறு என்ன இருக்கிறது? சாமிக் காரியம் மாதிரி மூன்றுக்கும் பதில் சொல், அப்புறம் பேசுவோம்.

கொழிஞ்சாம்பாறைக்காரி

மன்னிக்கணும் அக்கா, பதற்றத்தில் விட்டுவிட்டேன். விக்டோரியா. பல்லாரட்டிலிருந்து உள்ளே தள்ளி. கடிதம் இருக்கிறது, வீட்டு உரிமையாளர் பெயருக்கு, ஏஜென்ட் போட்டோ எடுத்து அனுப்பினார். ஞாயிறு 34 டிகிரி என்று காட்டுகிறது, காற்றும் இருக்கிறதாம். குவியலில் அடியில் பழைய வேலிக்கட்டை நிறைய, லேசாகப் பச்சை நிறம். ஒரு ரப்பர் குழாயும் தெரிகிறது.

செங்கோட்டை அக்கா

நல்ல வேளை கேட்டேன். ஞாயிறு தீப்பெட்டி எடுக்க வேண்டாம், அது முடிந்த விஷயம்.

அந்தப் பச்சைக் கட்டை கரையான் அரிக்காமல் இருக்கத் தாமிரம், குரோமியம், ஆர்சனிக் ஏற்றின மரமாக இருக்கும். அதை எரித்தால் புகையிலும் விஷம், சாம்பலிலும் விஷம். சாம்பல் மண்ணில் கிடக்கும், குழந்தை விளையாடும், கோழி கொத்தும். அடுப்பிலும் வைக்கக் கூடாது. ரப்பர், பிளாஸ்டிக், பெயின்ட் அடித்த பலகை எதையும் இங்கே எரிக்க விடமாட்டார்கள். கையுறை போட்டுப் பிரித்துத் தனியாக வையுங்கள், மெதுவாக. இந்த மாதத்தில் குவியலுக்குள் பாம்பு இருக்கும், கம்பால் தட்டிவிட்டு எடுக்கச் சொல்.

திங்கட்கிழமை என்ன என்று கேட்டாய். சிஎஃப்ஏ என்று கிராமப்புறத் தீயணைப்பு ஆணையம், அது ஒவ்வொரு கவுன்சில் பகுதிக்கும் தனித்தனியாகத் தீ ஆபத்துக் காலத்தை அறிவிக்கும். மழை, புல் வளர்ச்சி, வறட்சி பார்த்துத் தேதி மாறும், உங்களுக்குத் திங்கள் அதிகாலை 1 மணிக்குத் தொடங்கும். அதிலிருந்து அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியில் தீ வைக்கக் கூடாது. முழுத் தீத்தடை அறிவித்த நாளில் எரிப்பு என்ற பேச்சே கிடையாது. இந்தக் காலத்துக்கு வெளியேயும் சில கவுன்சில்கள் சொந்த விதி வைத்திருக்கின்றன, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். கடைசி நாள் என்பதற்காக எல்லாரும் அந்த ஞாயிறே கொளுத்துகிறார்கள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இங்கே வெயில் நாளில் வடகாற்று சூடாக அடிக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உனக்குத் தெரியும், ஆனால் அது பல நாள் ஒரே பக்கமாக வீசும். இது அப்படி இல்லை, சாயங்காலம் சட்டென்று தென்மேற்குக்குத் திரும்பிவிடும். அதுவரை நீளமாக ஓடிக்கொண்டிருந்த தீயின் பக்கவாட்டு முழுக்க அப்போது முன்முனை ஆகிவிடும். 2009 பிப்ரவரி 7 அன்று இந்த மாநிலத்தில் பற்றிய காட்டுத்தீயில் 173 பேர் உயிர் போனதற்கு அந்தக் காற்றுத் திரும்பலும் ஒரு காரணம். தைல மரப்பட்டை எரிந்துகொண்டே பறந்து வெகு தூரம் போய் விழும்.

பெரியவர் போன் செய் என்றது போலீசுக்கு இல்லை. எரிப்பதை முன்கூட்டியே பதிவு செய்ய 1800 668 511. பதிவு இருந்தால், யாராவது புகை பார்த்து அழைத்தாலும் தேவையில்லாமல் வண்டி வராது. ஆங்கிலம் தடுமாறினால் 131 450க்கு அழைத்துத் தமிழ் என்று சொல், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

கடிதம் உரிமையாளர் பெயரில் என்றால் முதல் பொறுப்பு அவருக்கு. ஏஜென்டுக்கு இன்றே மின்னஞ்சல் எழுது: குவியல் முன்னாலிருந்தது, வேதிப்பொருள் ஏற்றின மரம் இருக்கிறது, எரிக்க முடியாது, அகற்ற ஏற்பாடு செய்யுங்கள். போட்டோ சேர்த்து அனுப்பு, போனில் பேசாதே.

சித்தூர் தமிழன்

அக்கா, இனி எப்போதாவது எரிக்கிற நாள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள், மற்றவர்களும் படிப்பார்கள்.

செங்கோட்டை அக்கா

சரி. தீ ஆபத்துக் காலம் முடிந்து, காற்று அசையாத ஒரு நாள். அனுமதி, பதிவு, பக்கத்து வீட்டுக்குச் சொல்வது மூன்றும் முதலில். சுற்றி மூன்று மீட்டர் புல்லைச் சுரண்டி வெறும் மண் ஆக்கு. பெரிய குவியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சின்னதாக மூட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடு. பெட்ரோல் ஊற்றவே கூடாது, அதன் ஆவிதான் முகத்தில் வெடிக்கும். குழாய்த் தண்ணீர் எட்டுகிறதா என்று கொளுத்துவதற்கு முன் திறந்து பார். பருத்தித் துணி, மூடின ஷூ, நைலான் நைட்டியும் ரப்பர் செருப்பும் வேண்டாம். ஒரு பெரிய ஆள் கடைசி வரை அங்கேயே நிற்க வேண்டும், சாப்பிடப் போகிறேன் என்று உள்ளே வரக் கூடாது. முடிந்ததும் மேலே மண் போட்டு மூடாதே, உள்ளே கனன்று மறுநாள் காற்றில் எழும். கிளறிக் கிளறித் தண்ணீர் ஊற்று, மறுநாளும் போய்ப் பார். கை மீறினால் உடனே அவசர உதவி எண் 000.

கொழிஞ்சாம்பாறைக்காரி

அக்கா, அவர் இப்போது படித்துவிட்டு ஞாயிறு எரிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். ஆனால் ஏஜென்ட் பதில் தராவிட்டால் திங்கட்கிழமை என்ன செய்வது? விசா பயமும் போகவில்லை.

செங்கோட்டை அக்கா

எரிக்காமல் இருப்பதற்காக விசாவைத் தொட மாட்டார்கள். வேண்டுமென்றோ, ஆபத்து தெரிந்தும் பொருட்படுத்தாமலோ காட்டுத்தீ உண்டாக்குவதுதான் இங்கே பெரிய குற்றம், 15 வருடம் வரை சிறை உண்டு. கடிதத்தில் கடைசித் தேதி போட்டிருக்கும், அதைப் பார். கவுன்சிலில் தீத்தடுப்பு அதிகாரி என்று ஒருவர் இருப்பார், அவரை அழைத்து ஏஜென்டுக்கு எழுதியதைச் சொல். கவுன்சிலின் குப்பை வாங்கும் டிப்பில் கோடைக்கு முன்னால் கிளை, சருகைச் சில ஊர்களில் இலவசமாக எடுப்பார்கள், அதையும் அவரிடமே கேள். டிரெய்லர் அந்தப் பெரியவரிடம் இருக்கும், கேட்டால் தருவார். பச்சைக் கட்டையைச் செடிக் கழிவோடு கலக்காதே, வாசலில் உள்ள ஆளிடம் முதலிலேயே காட்டு, அதற்குத் தனி இடம், தனிக் கட்டணம். ரசீதை ஏஜென்டுக்கு அனுப்பு. அதுவரை வீட்டுச் சுவரை ஒட்டி இருப்பதையும் கூரைத் தண்ணீர்ப் பள்ளத்தில் கிடக்கிற சருகையும் மட்டும் இன்றே அள்ளித் தள்ளி வை.