சால்னா: இன்னும் மனசுல உறுத்துற சம்பவம் ஒண்ணு சொல்லுங்க

வில்லாபுரம்வாசி

பரோட்டாவுக்கு ஊத்துற சால்னா எல்லாருக்கும் தெரிஞ்ச சமாச்சாரந்தான், அதனால நேரா விசயத்துக்கு வந்துடுறேன். ராத்திரி பதினோரு மணி இருக்கும், ஆரப்பாளையம் பக்கம் ஒரு பரோட்டாக் கடை. பேரு வேணாம். பெஞ்சு கல்லுக்குப் பக்கத்துலயே கெடக்கு, அதனால மாஸ்டர் செய்யுறது பூராம் தெரியும். மட்டன் சுக்காவ வாணல்ல வறுத்து அள்ளி இலையில வச்சாரு. அடியில மசாலா ஒட்டிக்கிட்டு நிக்குது. வாணலக் கழுவப் போடுவாருன்னு பார்த்தா, ஒரு சொம்பு சுடுதண்ணிய அதுல ஊத்துனாரு. சொய்ங்னு ஆவி எந்திரிச்சு மூஞ்சியில அடிக்குது. கரண்டியால சுத்திச் சுரண்டி, அந்தத் தண்ணிய அப்படியே சால்னா அண்டாவுல சாய்ச்சுட்டு, அடுத்த பரோட்டாவ எடுத்து வீச ஆரம்பிச்சுட்டாரு.

"என்னண்ணே, அதப் போயி இதுல ஊத்துறீக?"ன்னேன். ஏற இறங்கப் பார்த்தாரு. "ஏன், வீட்ல போயி வைக்கப் போறீகளா?" அம்புட்டுத்தான் பதிலு.

எங்க வீட்லயும் ஞாயித்துக்கிழமை சால்னா உண்டு. நல்லாத்தான் இருக்கும், ஆனா அது கடைச் சால்னா இல்ல. அந்த வாணல் தண்ணிதான் விசயமா, இல்ல மசாலாவ வீணாக்கக் கூடாதுங்கிற சிக்கனமா? அடுப்படி தெரிஞ்சவுக சொல்லுங்க.

கோமதிபுரம் அக்கா

இதப் படிச்சதும் எனக்கு வயித்தக் கலக்குது. ஆடி வெள்ளி, வீட்ல யாரும் கவிச்சி தொட மாட்டோம். கோயில்ல கூழ் ஊத்திட்டு வந்த அலுப்புல, கொழுந்தனார விட்டுப் பரோட்டாவும் வெறும் சால்னாவும் வாங்கியாரச் சொன்னேன். பிள்ளைக தட்டுல ஊத்துறேன், கரண்டியில இருந்து டொக்குன்னு ஒண்ணு விழுந்துச்சு. சுண்டுவிரல் நகம் தண்டி எலும்பு, நடுவுல ஓட்டையோட. பக்கத்துல அயித்தை உக்காந்திருக்காங்க. சட்டுன்னு எடுத்து, "பட்டை அயித்தை, மசாலாப் பட்டை"ன்னுட்டேன். அவுக நிதானமா மூக்குக் கண்ணாடியத் துடைச்சு மாட்டிக்கிட்டு என் கையப் பார்த்தாங்க.

"பட்டைக்கு ஓட்டை இருக்குமாத்தா?"

மறுநா கடையில போயிக் கேட்டா, "கறித்துண்டு இல்லாமக் கேட்டீக, இல்லாமத்தான் குடுத்தோம். சைவம்னு நாங்க சொன்னமா?"ங்கிறாரு. ஒரு வார்த்தை திருப்பிப் பேச முடியல எனக்கு.

பைபாஸ் பாலா

அக்கா, கடைக்காரர் சொன்னதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. மட்டன் சுக்கா போடும் கடையில் சைவ சால்னாவை எதிர்பார்ப்பதே வீண். அப்படித் தனிச் சட்டி வைத்தாலும் கரண்டி ஒன்று, கல் ஒன்று, எண்ணெய் ஒன்று. முட்டை பரோட்டா கொத்திய கல்லிலேயேதான் உங்கள் பரோட்டாவும் வேகிறது. அதற்கு என்ன சொல்வீர்கள்?

என் அனுபவம் சின்னது. ஒரு சைவ ஓட்டலில் சால்னா என்று வந்ததில் சோயா உருண்டை மிதந்தது. கறி என்று நினைத்து என் நண்பர் எழுந்தே போய்விட்டார். அவ்வளவுதான்.

விரதம் இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள். முதலில், சுத்த சைவம் என்று பலகை போட்ட கடையில் மட்டும் வாங்குங்கள். இரண்டாவது, கல்லாவுக்குப் பின்னால் உணவுப் பாதுகாப்பு உரிமம் மாட்டியிருக்க வேண்டும், 14 இலக்க எண் இருக்கும், பாருங்கள். மூன்றாவது, ஆள் விட்டு வாங்காதீர்கள். நேரில் போய் "எலும்புத் தண்ணி ஊத்துனதா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள், யாரும் கோபப்பட மாட்டார்கள். பார்சலை வீட்டில் அப்படியே ஊற்றாமல் வேறு பாத்திரத்தில் வடிகட்டிப் பாருங்கள். இதெல்லாம் முடியாது என்றால் வெள்ளிக்கிழமை தக்காளிச் சட்னி அரையுங்கள், பத்து நிமிட வேலை. தேங்காய் கூட வேண்டாம்.

கோமதிபுரம் அக்கா

பாலா தம்பி, உரிமம் பளபளன்னு சட்டம் போட்டு மாட்டியிருந்துச்சு, பார்த்தேன். எலும்பு இருக்குன்னு அதுல எழுதியிருக்குமா? வடிகட்டிட்டா மட்டும் சைவமாயிருமா? தக்காளிச் சட்னி எனக்கும் அரைக்கத் தெரியும்ப்பா.

அடுப்படி ஆளு

காலேஜ் படிக்கையில கோரிப்பாளையம் பக்கம் ஒரு கடையில ராத்திரி வேலை பார்த்தவன் நான். வில்லாபுரம் அண்ணனுக்குப் பதில் சொல்றேன்.

வாணல் தண்ணி சிக்கனமும்தான், ருசியும்தான். அடியில ஒட்டியிருக்கிறது கறிச்சாறும் மசாலாவும் சேந்து வறுபட்டது. பழுப்பா இருக்கையில தண்ணி ஊத்திச் சுரண்டுனா சால்னா தூக்கும். கறுத்துப் போச்சுன்னா கசப்பு ஏறி மொத்த அண்டாவும் போச்சு. எங்க மாஸ்டரு மோந்து பார்த்துட்டுத்தான் ஊத்துவாரு, கருகல் வாடை வந்தா சாக்கடைக்குத்தான் போகும். ஆனா அது மட்டும் இல்லண்ணே. மத்தியானம் மூணு மணிக்கே கழுத்தெலும்பும் நெஞ்செலும்பும் அடுப்புல ஏறிரும். அஞ்சு மணிக்கு வெங்காயம், தக்காளி வதக்குனது சேரும், அப்புறம் தேங்கா, கசகசா, பொட்டுக்கடலை அரைச்சது. கடை தொறந்த பிறகும் அடுப்பு அணையாது. கோழிக் குழம்புச் சட்டிய வழிச்சா அதுவும் இதுலதான். ஏழு மணிச் சால்னா வேற, பத்து மணிச் சால்னா வேற. பத்து மணிக்குத்தான் அது சரியா வத்தி நிக்கும். பதினொண்ணுக்கு மேல கூட்டம் வந்தா சுடுதண்ணிய ஊத்தி ஏத்துவாய்ங்க, அப்பப் போனவுக பாவம்.

எனக்கு உறுத்துறது வேற. ஒரு நா மாஸ்டரு ஊருக்குப் போயிட்டாரு, வேற ஆளு வச்ச சால்னா. தெனம் வர்ற ஆட்டோக்கார அண்ணன் ஒருத்தரு, வழக்கமான எடத்துல உக்காந்தாரு. பரோட்டாவப் பிச்சுப் போட்டு நான்தான் ஊத்துனேன். ஒரு வாய் வச்சாரு. மெல்லுறத நிறுத்திட்டாரு. இலைய மடிச்சாரு, கைய கழுவுனாரு, முழுக் காசையும் கல்லாவுல வச்சுட்டுப் போயிட்டே இருக்காரு. ஒரு சொல்லு இல்ல. முதலாளி ரோடு வரைக்கும் பின்னால ஓடுனாரு. வஞ்சிருந்தாக்கூட எங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.

உசிலம்பட்டி மருமக

எலும்பு இல்லாமலும் சால்னா வைக்கலாம்னு சொல்ல வந்தேன். எங்க வீட்டுக்காரரோட கூட்டாளிக திடுதிப்புன்னு வந்துட்டாய்ங்க. இலை போட்டாச்சு, பரோட்டா கடையில வாங்கியாச்சு, எலும்பு போடாத சால்னா மட்டும் அடுப்புல. எண்ணெய் லேசா மேல வந்துருச்சேன்னு நான் கரண்டிய எடுத்துட்டேன். அயித்தை வந்தாங்க. ருசி பாக்கல, உப்பு பாக்கல. மூடியத் தொறந்து, ஆவிய உள்ளங்கையால மூக்குப் பக்கம் தள்ளி ஒரு இழுப்பு இழுத்தாங்க. "கசகசா பச்சையா நிக்குது. கெடக்கட்டும்"னுட்டு மூடிட்டாங்க.

வெளியில எட்டுப் பேரு வெறும் இலையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காய்ங்க. எனக்குக் கை காலெல்லாம் நடுங்குது. அயித்தை அடுப்புக்கிட்டயே முட்டியக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டாங்க, யாரையும் கிட்டத்துல விடல. "பசிக்குதுன்னு எவனும் எந்திரிச்சுப் போயிர மாட்டான், நல்லா இல்லைன்னா எந்திரிச்சுருவான்"னாங்க. அப்ப எனக்கு வந்த கோவம் இன்னும் போகலங்க. சால்னா நல்லா இருந்துச்சுங்கிறது வேற விசயம்.

செல்வம், திருநகர்

யாருமே அளவு சொல்லாமல் கதை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். என் கதை இரண்டு வரி: கடைச் சால்னா மாதிரி இருக்கிறது என்று என் மகள் ஒருமுறை சொன்னாள். அன்று என்ன செய்தேனோ அதை எழுதுகிறேன், வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து பேருக்குக் கால் கிலோ எலும்பை மஞ்சள்தூளும் உப்பும் போட்டுக் குக்கரில் 6 விசில் விடுங்கள். தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். அரை மூடித் தேங்காய், ஊறவைத்த கசகசா 1 ஸ்பூன், சோம்பு 1 ஸ்பூன், பொட்டுக்கடலை 2 ஸ்பூன், இவற்றை வெண்ணெய் பதத்துக்கு அரையுங்கள். முந்திரி போடாதீர்கள். போட்டால் குருமா ஆகிவிடும், பரோட்டாவுக்குள் இறங்காது. கடலெண்ணெய் தாராளமாக, உங்கள் மனைவி பார்க்காத நேரமாகப் பார்த்து ஊற்றுங்கள். பட்டை, கிராம்பு, ஏலக்காய், கல்பாசி. கல்பாசி ஒரு சிட்டிகைக்கு மேல் போனால் மருந்து வாடை வரும். 3 பெரிய வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, புதினா கொஞ்சம், 3 தக்காளி குழையும்வரை. மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் எண்ணெயிலேயே வதங்க வேண்டும், தண்ணீர் ஊற்றிய பிறகு தூள் போடுகிறவர்களுக்குச் சால்னா வராது. பிறகு எலும்பையும் அந்தத் தண்ணீரையும் சேர்த்து, அரைத்ததைக் கரைத்து விட்டு, இன்னும் இரண்டு டம்ளர் தண்ணீர். பயப்படாதீர்கள், நீர்க்கத்தான் இருக்க வேண்டும். சிறு தீயில் 25 நிமிடமாவது கிடக்கட்டும். உசிலம்பட்டிச் சகோதரியின் மாமியார் சொன்னது முழுக்க முழுக்கச் சரி. எண்ணெய் பிரிந்ததை வைத்து முடிவு செய்யக் கூடாது, வாடையை வைத்துத்தான் முடிவு. எலும்பு வேண்டாதவர்கள் அந்த இடத்தில் உருளைக்கிழங்கு ஒன்றை மசித்துப் போடலாம். கடைசியில் மல்லித்தழை. எலுமிச்சை பிழியாதீர்கள், யார் சொன்னாலும் பிழியாதீர்கள்.

திருமங்கலத்தான்

செல்வம் சார், உருளைக்கிழங்கு மசிச்சுப் போட்டா அது சால்னாவா? வெஞ்சனம் எதுவும் இல்லாத நாளைக்கு வைக்கிற குழம்பு அது. விடுங்க.

நான் சொல்றது சால்னாவே இல்லாத சம்பவம். எங்க பக்கத்து ஊரு வடக்கம்பட்டி. முனியாண்டி விலாஸ் நடத்துறவுகளுக்கெல்லாம் அந்த முனியாண்டிதான் சாமி. தை மாசம் பூசைன்னா ஓட்டல்காரவுக எங்கெங்கிருந்தோ வந்து சேருவாக. ராத்திரி பூராம் கெடா வெட்டி, வரிசையா அண்டா வச்சு, விடியக்காலம் பிரியாணி பிரசாதம். சென்னையில இருந்து எங்க மாப்ளை ஒருத்தர கூட்டிட்டுப் போனேன். பனி, இன்னும் இருட்டு வெலகல, அண்டாவத் தொறக்குறாய்ங்க, ஆவியில எதுத்த ஆளு தெரியல. சனமெல்லாம் தூக்குச்சட்டியும் பாத்திரமுமா நிக்குது. இவரு இலைய நீட்டி வாங்கிட்டு, அள்ளிப் போடுற ஆளுகிட்ட, "அண்ணே, கொஞ்சம் சால்னா"ன்னாரு. வரிசையே திரும்பிப் பார்த்துச்சு. அந்த அண்ணன் கோவிக்கல. "சாமி சோறுய்யா, தொட்டுக்க ஒண்ணும் வேணாம். வாயில வச்சுட்டு அப்புறம் கேளு"ன்னாரு. மாப்ளை அதுக்கப்புறம் கேக்கவே இல்ல. ஆனா ஊருக்குள்ள இன்னைக்கும் அவரச் 'சால்னா மாப்ளை'ன்னுதான் கூப்புடுறாய்ங்க. என் தங்கச்சிக்கு அதுல என் மேல வருத்தம்.

சிம்மக்கல் பங்காளி

திருமங்கலத்தாரே, சாமி சோத்துக்குச் சால்னா கேட்ட ஆள இன்னைக்குத்தான் கேள்விப்படுறேன்.

எனக்கு உறுத்துறது தூக்குவாளி. 2019 ஜனவரியில தமிழ்நாடு பூராம் ஒருதடவை பயன்படுத்துற பிளாஸ்டிக்குக்குத் தடை வந்துச்சுல்ல, அப்ப எங்க தெருமுனைக் கடையில கவர் இல்லைன்னுட்டாய்ங்க. பாத்திரம் கொண்டாந்தாத்தான் சால்னா. எனக்கு முன்னால ஒரு பாட்டி, கையில நெளிஞ்சு போன அலுமினியத் தூக்குவாளி. ஒரே ஒரு பரோட்டா வாங்குச்சு. சப்ளையர் வாளிய வாங்கி, அண்டாவுல அப்படியே முக்கி எடுத்து, விளிம்பு வரைக்கும் ரொப்பி, வெளிப்பக்கத்தத் துணியால துடைச்சுக் குடுத்தாரு. எனக்குப் பின்னால நின்ன பையன் சத்தம் போட்டான், "ஒரு பரோட்டாவுக்கு ஒரு வாளி சால்னாவா? எனக்கு மட்டும் ரெண்டு கரண்டிதான?"

சப்ளையர் நிமிந்தே பாக்கல. "நீ வாளி கொண்டாந்தியா?"

பாட்டி திரும்பி அந்தப் பையனப் பார்த்து, "ராத்திரிச் சோத்துக்கு ஊத்திக்கிருவோம்யா, வீட்ல பிள்ளைக இருக்கு"ன்னுச்சு. கெஞ்சுற மாதிரியும் இல்ல, சண்டை போடுற மாதிரியும் இல்ல, வெவரம் சொல்ற மாதிரி. பையன் அதுக்கு மேல வாயத் தொறக்கல. நானும் என் டிபன் பாக்ஸ நீட்டி ரெண்டு கரண்டி வாங்கிட்டு வந்துட்டேன்.

இப்ப அதே கடையில 'எக்ஸ்ட்ரா சால்னா 10 ரூபாய்'னு போர்டு மாட்டிட்டாய்ங்க.

திருமங்கலத்தான்

10 ரூவாயா? அநியாயம். எங்கூர்ல இன்னும் சும்மாதான் ஊத்துறாய்ங்க. கறி தோசைக்கு மட்டுந்தான் ரெண்டாவது தடவை கேட்டா மொறைப்பாய்ங்க.