ரேடியேஷன் பயாலஜில மாஸ்டர்ஸ் எடுக்கலாமா? அம்மா பயப்படுறாங்க

சிப்புட்_பொண்ணு:
வணக்கம். பயோமெடிக்கல் டிகிரி முடிச்சிட்டு சுங்கை சிப்புட்ல வீட்லதான் இருக்கேன், டவுன்ல ஒரு கிளினிக்ல பார்ட் டைம். பாங்கி பக்கம் ஒரு எஸ்வி (ஆராய்ச்சிக்கு வழிகாட்டுற லெக்சரர்) ரேடியேஷன் பயாலஜில மாஸ்டர்ஸ் பண்ண வர்றியான்னு கேட்டாரு, ஜிஆர்ஏ (ஆராய்ச்சி உதவியாளர்) காசும் உண்டு, கேன்சர் செல்லுக்கு காமா கதிர் அடிச்சி எது சாகுது எது பொழைக்குதுன்னு பாக்குற வேலை. எனக்கு ஆசைதான் ஆனா வீட்ல ஒரே சத்தம். அம்மாவுக்கு ரேடியேஷன்னாலே புக்கிட் மேராதான், ஈப்போ பக்கத்துல அந்த ஃபேக்டரி போட்ட தோரியம்ங்கிற கதிர்வீச்சு குப்பை, ஈப்போ கோர்ட்டு கேஸு எல்லாம் இன்னும் ஞாபகம் வச்சிருக்காங்க, நாளைக்கு கல்யாணம் ஆனா புள்ள பொறக்குமான்னு கேக்குறாங்க. இது உண்மையில ஆபத்தான வேலையா? அப்புறம் அந்த லேப் நல்லா சொல்லிக்குடுக்குற லேப்பான்னு சேர்றதுக்கு முன்னாடியே எப்படி தெரிஞ்சிக்கிறது?

காஜாங்_அண்ணன்:
தங்கச்சி, பேராக்காரங்க பயப்படுறது நியாயம்தான்லா. ஆனா புக்கிட் மேரா வேற கதை. அங்க தோரியம் கலந்த கழிவு, தூசியா மூச்சுல போனா உடம்புக்குள்ளயே உக்காந்துக்கும். 1992ல ஹைகோர்ட்டு ஊர்க்காரங்க பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு, அடுத்த வருஷம் மேல்கோர்ட்டுல அது மாறிப்போச்சு. உன் லேப்ல இருக்கப்போறது சீல் பண்ண சோர்ஸ், அதாவது கதிர் விடுற பொருள், சீசியமோ கோபால்ட்டோ ஈயத்துக்குள்ள அடைச்சி கெடக்கும், ஃபிளாஸ்க்க உள்ள வச்சி கதவ சாத்தி டைமர தட்டுவ, அவ்வளவுதான். காமா பட்ட செல்லு ரேடியோஆக்டிவ் ஆகாது, சாதாரணமா தூக்கிட்டு இன்குபேட்டருக்கு போலாம். ஆஸ்பத்திரில சில நோயாளிக்கு ஏத்துற ரத்தத்துக்கே 25 கிரே (கதிர் டோஸோட அளவு) அடிக்கிறாங்க. வேலை செய்றவங்களுக்கு லிமிட் வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்புக்கு எவ்ளோ பாதிப்புன்னு பாக்குற அளவு), கர்ப்பம்னு சொல்லிட்டா வயித்துல உள்ள புள்ளைக்கு 1 தான், சும்மா பூமியில இருக்குறதுக்கே எல்லாருக்கும் சராசரியா 2லேர்ந்து 3 கிடைக்குது. உன் மேல எவ்ளோ பட்டுச்சுன்னு அளக்குற பேட்ஜ் குடுப்பாங்க, ரிப்போர்ட்ட அம்மாகிட்டயே காட்டு.

அம்மா பால்மரம் வெட்டினவங்களா? ரப்பர் பாலுக்கு கந்தகம் போடாம காமா அடிச்சே வல்கனைஸ் பண்ற (ரப்பர உறுதியாக்குற) ஆராய்ச்சிய பாங்கில நியூக்ளியர் மலேசியா, அரசாங்க அணு ஆராய்ச்சி நிலையம், அங்கயும் செஞ்சாங்க. அத சொல்லிப் பாரு, காது குடுப்பாங்க.

டோஸ்_அக்கா:
ரெண்டாவது கேள்விக்கு நான் வர்றேன், இதே ஃபீல்டுல பிஎச்டி முடிச்சவ. எஸ்விகிட்ட எத்தன பேப்பர் போட்டீங்கன்னு கேக்காதம்மா, டோஸ யாரு அளக்குறாங்கன்னு கேளு. பயாலஜி ஆளுங்க பாதி பேருக்கு 2 கிரேன்னா மெஷின்ல ஒரு பட்டன், அது செல்லுக்கு ஒழுங்கா போய் சேருதான்னு பாக்குறதே இல்ல. சீசியம் வருஷத்துக்கு ரெண்டு பர்சென்ட்டுக்கு மேல கொறையும், கோபால்ட் மாசத்துக்கே ஒரு பர்சென்ட், ஆனா சொவுத்துல பழைய டைம் சார்ட்ட ஒட்டி வச்சிக்கிட்டு அதே நிமிஷக் கணக்குல அடிச்சிக்கிட்டே இருப்பாங்க. எக்ஸ்ரே மெஷின்னா இன்னும் மோசம், கிலோவோல்ட், ஃபில்டர், ஃபிளாஸ்க் வைக்கிற உயரம், மீடியம் எவ்ளோ ஆழம், எல்லாமே டோஸ மாத்தும். இது எதையும் எழுதாம பேப்பர் போட்டுட்டு அப்புறம் இன்னொரு லேப்ல அந்த ரிசல்ட் வரலன்னா சண்டை. நீ சேந்த மொத வாரமே ஒரு மெடிக்கல் ஃபிசிக்ஸ் ஆள புடிச்சிக்க, அயன் சேம்பர், ஃபிலிம் வச்சி நீயே அளக்க கத்துக்க.

அப்புறம் கொலோனி அஸ்ஸே, அதாவது கதிர் பட்ட செல்லு பிரிஞ்சி கூட்டமா வளருதான்னு எண்ணுற டெஸ்ட். 1956ல பக், மார்கஸ் ரெண்டு பேரும் ஹீலாங்கிற கேன்சர் செல்லுல காட்டுனது, இன்னிக்கும் அதத்தான் நம்புறோம். 50 செல்லாவது இருந்தாதான் கொலோனின்னு எண்ணலாம், ரெண்டு வாரம் காத்திருக்கணும். சீக்கிரம் முடியுதுன்னு எம்டிடி (உயிருள்ள செல்லு நிறம் மாத்துற டெஸ்ட்) மட்டும் செஞ்சிட்டு தீசிஸ் எழுத விடுற லேப்னா யோசி. காமா பட்ட செல்லு பெரும்பாலும் உடனே சாகாது, ஓரிரு தடவ பிரிஞ்சிட்டுதான் சாகும், எம்டிடி அதையெல்லாம் உயிரோட இருக்குன்னு கணக்குல சேத்துரும்.

வாய்ப்பு கெடைச்சா டைசென்ட்ரிக் (கதிர் பட்டு உடைஞ்சி தப்பா ஒட்டுன, ரெண்டு மையம் உள்ள குரோமோசோம்) எண்ணவும் கத்துக்க. ரத்தத்த 48 மணி நேரம் வளத்து குரோமோசோம் பாக்குறது, வழக்கமா 500 செல்லு, இல்ல 100 டைசென்ட்ரிக் வர்ற வரைக்கும் எண்ணணும், கழுத்து கழண்டுடும். ஆனா எங்கயாவது ஒரு ஆளுக்கு தெரியாம ரேடியேஷன் பட்டுட்டா எவ்ளோ டோஸ்னு சொல்ல இந்த வேலை தெரிஞ்சவங்களத்தான் கூப்புடுவாங்க.

ரவாங்_பையன்:
காசு பத்தி யாரும் சொல்லல. ஐஏஇஏ, அதான் சர்வதேச அணுசக்தி அமைப்பு, அதோட மேரி ஸ்க்ளோடோவ்ஸ்கா கியூரி ஃபெலோஷிப் 2020லேர்ந்து இருக்கு, அணு சம்பந்தப்பட்ட மாஸ்டர்ஸ் படிக்கிற பொண்ணுங்களுக்கு மட்டும், வருஷத்துக்கு ஃபீஸுக்கு 10,000 யூரோ வரைக்கும், செலவுக்கும் அதே அளவு. உன் கோர்ஸ் அதுல வருமான்னு போட்டுதான் பாரேன். எங்களுக்கெல்லாம் பிடிபிடிஎன் படிப்புக் கடன்தான்.

சிப்புட்_பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, எஸ்விகிட்ட டோஸ் கேள்விய கேட்டுட்டேன், கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் ஃபிசிக்ஸ் டிபார்ட்மெண்ட்ல ஒருத்தர் இருக்காரு அவர கோ-எஸ்வியா போட்டுக்கலாம்னு சொன்னாரு. அம்மா இன்னும் முழுசா சரின்னு சொல்லல, லேப்ப வந்து பாக்கணுமாம். அப்படி வெளியாள உள்ள விடுவாங்களா?

டோஸ்_அக்கா:
சோர்ஸ் இருக்குற ரூமுக்குள்ள விடமாட்டாங்க. செல் கல்ச்சர் ரூம காட்டலாம், ஆர்பிஓகிட்ட (கதிர்வீச்சு பாதுகாப்பு அதிகாரி) முன்னாடியே லெட்டர் குடுத்து கேளு.