கண்டிஷன்கள் திருப்பிப் போட்ட சண்டைகள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, கதாபாத்திரமாக ஆடும் கதை விளையாட்டு) ஆடும் பலர் ஆயுதம் எவ்வளவு சேதம் தரும் என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். பேராலைஸ்டு (உடல் முடங்கிப்போவது), ப்ரோன் (தரையில் விழுந்து கிடப்பது), ஸ்டன்டு (அதிர்ந்து செயலிழப்பது) போன்ற கண்டிஷன்கள், அதாவது பாதிப்பு நிலைகள் பற்றியெல்லாம் விதிநூலின் கடைசிப் பக்கங்களில்தான் இருக்கிறது. அங்கே யாரும் போவதில்லை. என் அனுபவத்தில் சண்டையைத் தீர்மானிப்பது யார் அதிகம் அடித்தார் என்பதல்ல, யாருடைய டர்ன் (ஆடும் முறை) பறிபோனது என்பதுதான். என் கதையைச் சொல்கிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். எல்லோரும் இரண்டாம் லெவல். நிலத்தடிக் கல்லறை ஒன்றில் நான்கு கூல் (பிணம் தின்னும் அன்டெட், அதாவது செத்தும் நடமாடும் பேய்கள்) எதிரே வந்தன. தாளில் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை: 22 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி), ஆர்மர் கிளாஸ் (அடி பட உருட்டி எடுக்க வேண்டிய எண்) 12. ஆனால் நகம் பட்டால் கான்ஸ்டிடியூஷன் சேவிங் த்ரோவில் (உடல்திடத்தால் பாதிப்பைத் தடுக்கப் போடும் உருட்டல், சுருக்கமாக சேவ்) 10 எடுக்க வேண்டும். தவறினால் ஒரு நிமிடம் வரை பேராலைஸ்டு. ஒவ்வொரு டர்ன் முடிவிலும் மறுபடி உருட்டிப் பார்க்கலாம். 10 சின்ன எண்தான். ஆனாலும் போனஸ் 1 மட்டும் இருக்கும் விசார்டுக்கு (மந்திரவாதி) டி20இல் (இருபது முகப் பகடை) 8 வரை எது விழுந்தாலும் தோல்வி, அதாவது 40 சதவீதம்.

முதல் நகம் எங்கள் க்ளெரிக் (பூசாரி) மேல் விழுந்தது, சேவ் போனது. டர்ன் அன்டெட் என்ற சக்தியால் எல்லாவற்றையும் விரட்ட வேண்டியவர் சிலையாக நிற்கிறார். பேராலைஸ்டு ஆனவரை அடிக்க அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டி நல்லதை எடுப்பது) உண்டு. ஐந்தடிக்குள் இருந்து பட்டால் ஒவ்வொரு அடியும் கிரிட்டிக்கல் (சேதப் பகடை இரட்டிப்பு). கூல் கடித்தால் 2டி6+2 (இரண்டு ஆறுமுகப் பகடை, கூட 2) இருந்த இடத்தில் 4டி6+2. சராசரி 9 சட்டென்று 16 ஆகிவிடுகிறது. அடுத்த கூல் அடித்த அடியில் 17 ஹிட் பாயின்ட் க்ளெரிக்கிடம் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

காப்பாற்றியது எங்கள் எல்ஃப் இன ரேஞ்சர் (காட்டு வேட்டைக்காரி). அவள் மேலும் நகம் பட்டது. டி.எம் (ஆட்டத்தை நடத்துபவர்) சேதத்தை மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார், சேவ் கேட்கவே இல்லை. மேசையில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கூலின் நகம் எல்ஃபைப் பேராலைஸ் செய்யாது! அடுத்த டர்னில் அவள் குறுகலான வாசலை அடைத்து நின்றாள். ஃபைட்டர் (போர்வீரர்) க்ளெரிக்கைப் பின்னால் இழுத்துப் போட்டார். அவளுக்கும் அடி விழத்தான் செய்தது, ஆனால் எல்லாம் சாதாரண அடி. க்ளெரிக் சேவ் எடுத்து எழுந்ததும் டர்ன் அன்டெட். சிதறி ஓடியவற்றை ஒவ்வொன்றாக அம்பால் முடித்தோம்.

மறுமொழி 1

அண்ணே, எங்க டேபிள்ல நடந்தது இதுக்கு நேர்மாறு, கண்டிஷன் போட்டது நாங்க. எதிரி ஓகர்ங்கற பெரிய ராட்சசன், 59 ஹிட் பாயின்ட். எங்க பார்பேரியன் (வெறியோட சண்டை போடுறவர்) அஞ்சாம் லெவல், அதனால ஒரே டர்ன்ல ரெண்டு அட்டாக். ரேஜ் (வெறி, பலத்தை வச்சு உருட்டுறதுக்கு அட்வான்டேஜ் தரும்) போட்டார், முதல் அட்டாக்குக்குப் பதிலா கிராப்பிள் (பிடிச்சுக்கறது), ரெண்டாவதுக்குப் பதிலா ஷவ் (தள்ளி விழவைக்கறது). ஓகர் கீழ விழுந்துச்சு. இந்த ஜோடி எப்படி வேலை செய்யுதுன்னா, ப்ரோன்ல இருந்து எழுந்திருக்க வேகத்துல பாதி செலவாகும். கிராப்பிள் ஆனா வேகமே பூஜ்யம். ஆக எழவே முடியாது! கபடியில காலைப் பிடிச்சு அமுக்கின மாதிரி.

ஓகருக்கு ரெண்டே வழி: படுத்தபடி டிஸ்அட்வான்டேஜோட (ரெண்டு தடவை உருட்டி மோசமானதை எடுக்கறது) அடிக்கணும், இல்ல ஆக்ஷனைச் செலவழிச்சுப் பிடியை உதறப் பார்க்கணும். அது ரெண்டு ரவுண்டு உதறியே வீணாக்குச்சு. பக்கத்துல இருந்த எங்களுக்கெல்லாம் அட்வான்டேஜ். வில்லு வச்சிருந்தவருக்குத்தான் கஷ்டம், அஞ்சடிக்கு அப்பால இருந்து ப்ரோன் ஆளைக் குறிவச்சா டிஸ்அட்வான்டேஜ். அவர் வில்லைக் கீழ போட்டுட்டுக் கத்தியோட கிட்ட வந்தார். தள்ளுறதுக்கு முன்னாடி தூரத்துல இருக்கறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. இன்னொண்ணு, சேவ் கேக்குற மந்திரத்தை எதிரி படுத்துக்கிட்டே போடலாம். மிஸ்டி ஸ்டெப் (சட்டுனு வேற இடத்துக்குத் தாவுற மந்திரம்) வச்சிருக்கறவன் பிடியில இருந்தே மறைஞ்சு போயிடுவான்.

மறுமொழி 2

நான் டி.எம். ஆகவே எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்று. ஸ்டன்டு ஆன ஆட்டக்காரர் தன் முறை வரும்போது சும்மா உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்கவே முடிவதில்லை. நாலு பேர் மேசையில் மறுபடி முறை வர இருபது நிமிடம்கூட ஆகும். அதனால்தான் 2019இல் வந்த பாத்ஃபைண்டர் என்ற இதே மாதிரி ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு எனக்குப் பிடித்துப்போனது. அங்கே ஒரு டர்னுக்கு மூன்று ஆக்ஷன். ஸ்லோடு (மந்தம்) 1 என்றால் அதில் ஒன்று போகும், மற்ற இரண்டும் உங்களுக்குத்தான். ஃப்ரைட்டன்டு (பயம்) 2 என்றால் எல்லா உருட்டலிலும் 2 குறையும், ஆர்மர் கிளாஸிலும் குறையும். டர்ன் முடிய முடிய ஒன்றாக இறங்கும்.

ஒன்று இரண்டு குறைவதா பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு: அங்கே இலக்கைவிட 10 கூடுதலாக எடுத்தால் கிரிட்டிக்கல். எங்கள் ரோக் (திருடர்) ஒரே ஆக்ஷனில் டிமாரலைஸ் செய்து (மிரட்டி) ட்ரோல் என்ற அரக்கனை ஃப்ரைட்டன்டு 1 ஆக்கினார். அதன் டர்னுக்கு முன்பே ஃபைட்டர் உருட்டியது, குறைந்த அந்த ஆர்மர் கிளாஸைச் சரியாக 10ஆல் தாண்டியது. சேதம் இரட்டிப்பு. அதே ஆள் அதே ட்ரோலைப் பத்து நிமிடத்துக்கு மறுபடி மிரட்ட முடியாது, மற்றவர் மிரட்டலாம்.

மறுமொழி 3

ஓகர் கதை எழுதிய தம்பிக்கு: டி அண்ட் டியின் 2024 விதிகளில் கிராப்பிளும் ஷவ்வும் எதிரியின் ஸ்ட்ரெங்த் (பலம்) அல்லது டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவாக மாறிவிட்டன. நம் பக்கம் உருட்டலே இல்லை, எனவே ரேஜ் தரும் அட்வான்டேஜ் இங்கே உதவாது. பதிலுக்கு ஒரு லாபம் உண்டு: பிடிபட்டவன் பிடித்தவரைத் தவிர வேறு யாரை அடித்தாலும் டிஸ்அட்வான்டேஜ். விசார்டை விட்டு எதிரியின் கவனத்தைத் திருப்ப ஆள் தேவைப்பட்டால் உங்கள் பார்பேரியனை அனுப்புங்கள்.