மறு: ஜாக்கமார் பறவைக்குத் தமிழில் என்ன பெயர்?

> பார்க்க அச்சு அசல் பஞ்சுருட்டான்தான். 'அமெரிக்கப் பஞ்சுருட்டான்' என்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

ஐயா, அது மட்டும் வேண்டாம். பச்சை மினுமினுப்பு, நீண்ட அலகு, பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடித்துக் கிளையில் அடித்துக் கொல்வது, மண்மேட்டில் வளை தோண்டி முட்டையிடுவது எல்லாம் ஒத்துப்போகிறது, சரி. ஆனால் நெருங்கிய உறவு கிடையாது. பஞ்சுருட்டான் மீன்கொத்தி, பனங்காடை வகையறா. ஜாக்கமாரின் காலைப் பாருங்கள், மரங்கொத்தி மாதிரி முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு. மெக்சிகோ முதல் வட அர்ஜென்டினா வரைதான் அவை வாழ்கின்றன, அந்தப் பக்கம் பஞ்சுருட்டானே கிடையாது. பெயரை ஒட்டிவிட்டால் படிக்கிறவர் இரண்டும் பங்காளிகள் என்றுதான் நினைப்பார்.

ஜாக்கமார் குடும்பத்தில், 1760-ல் பிரெஞ்சு விலங்கியலாளர் பிரிசோன் வைத்த 'கல்புலா' பேரினத்துக்கு மட்டும் நான் சொல்வது 'ஊசியலகன்'. அதில் செவ்வால் இனம் ஏறக்குறைய 25 செ.மீ., அலகு மட்டுமே 5 செ.மீ.! பட்டாம்பூச்சியை உடலோடு கவ்வும்போது இறக்கை முகத்தில் படபடக்காமலும், குளவியைப் பிடித்தால் கொடுக்கு எட்டாமலும் இருக்க இந்த நீளம் உதவுகிறது என்கிறார்கள். அப்புறம் கிளையில் சாத்து சாத்தென்று சாத்தி இறக்கைகளைக் கழற்றிவிட்டுத்தான் விழுங்கும், உட்காரும் இடத்துக்குக் கீழே அவை உதிர்ந்து கிடக்கும்.

குடும்பம் முழுவதற்கும் இந்தப் பெயரை நீட்டக் கூடாது. பெரிய ஜாக்கமார் வேறு பேரினம், அதன் அலகு தடித்து வளைந்தது, அதைப் போய் ஊசி என்றால் சிரிப்பார்கள். குடும்பத்துக்கு ஜாக்கமார் என்பதே இருக்கட்டும். பிரேசில் பழங்குடியினரின் துப்பி மொழிச் சொல்லை ஐரோப்பியர் எடுத்துக்கொண்டார்கள், நமக்கு மட்டும் என்ன தயக்கம்? (வேகமாகச் சொன்னால் 'அக்காமார்' என்று காதில் விழுகிறது, அது வேறு விஷயம்.)

---

> பேரினத்துக்கு மட்டும் 'ஊசியலகன்'

செவ்வால் ஊசியலகன் வாயில் நன்றாக வருகிறது தம்பி, பஞ்சுருட்டானை நான் விட்டுவிட்டேன். ஆனால் இந்தப் பேரினத்திலேயே மஞ்சள் அலகு உள்ள ஒன்று இருக்கிறதே? 'மஞ்சளலகு ஊசியலகன்' என்றால் ஒரே பறவைக்கு இரண்டு அலகு. 'மஞ்சள் ஊசியலகன்' என்றால் பறவையே மஞ்சள் என்று தேடுவார்கள், அதன் முதுகோ பச்சை. சேர்த்து 'மஞ்சளூசியலகன்' என்று எழுதினால் நிறம் ஊசியோடு போய்விடும், என் ஓட்டு அதற்கு. வால் நீண்ட சொர்க்க ஜாக்கமாருக்கு 'நெடுவால் ஊசியலகன்' போதும், சொர்க்கமெல்லாம் எதற்கு?