செந்தேள் கொட்டிய நாய்க்கு என்ன செய்ய வேண்டும்?

கேள்வி (ஈரோடு மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். நேற்று இரவு எட்டு மணியளவில், கொல்லையில் அடுக்கியிருந்த செங்கற்களை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்த எங்கள் மூன்று வயது நாட்டு நாய் திடீரெனக் கதறிக்கொண்டு ஓடிவந்து, வலது முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் நக்கத் தொடங்கியது. செங்கல்லைப் புரட்டியபோது ஒரு விரல் நீளமுள்ள செந்தேள் இருந்தது. சற்று நேரத்தில் நாய்க்கு எச்சில் ஒழுகியது. ஒருமுறை வாந்தியும் எடுத்தது. பெரியவர்கள் சொன்னபடி காலைத் துணியால் இறுக்கிக் கட்டி, கொட்டுவாயில் சுண்ணாம்பு தடவினோம். பாராசிட்டமால் கொடுக்கலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், பயந்து கொடுக்கவில்லை. இன்று காலை பால் குடித்தது, ஆனாலும் நொண்டுகிறது. இனி ஆபத்து இல்லையா?

பதில் 1 (கால்நடை மருத்துவர்)

கட்டு இன்னும் இருந்தால் முதலில் அதை அவிழ்த்துவிடுங்கள். கட்டுவதால் நஞ்சு நிற்காது. இரத்த ஓட்டம் தடைபட்டுக் கால்தான் கெடும். வலிக்குத் துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சில நிமிடங்கள் விட்டுவிட்டு ஒற்றினால் போதும்.

செந்தேளின் நஞ்சு நரம்புகளைத் தூண்டிவிடுவதால் இரத்த அழுத்தம் ஏறி, இதயம் சோர்ந்து, கடைசியில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். உயிர் போவது பெரும்பாலும் இதனால்தான், கொட்டுவாயின் வலியால் அல்ல. ஆகவே எச்சிலும் வாந்தியும் கண்ட நேற்றிரவே மருத்துவரிடம் போயிருக்க வேண்டும். இன்றும் தாமதியாமல் காட்டுங்கள். அதுவரை நாய் உறங்கும்போது மூச்சை எண்ணிப் பாருங்கள். நிமிடத்திற்கு 30-ஐத் தாண்டினாலோ, இருமலும் வாயில் நுரையும் வந்தாலோ, ஈறு வெளுத்தாலோ அது அவசரநிலை.

மகாராட்டிரத்தின் மகாட் பகுதியில் மருத்துவர் இம்மத்ராவ் பவாஸ்கர், செந்தேள் கொட்டிய மனிதர்களுக்குப் பிரசோசின் என்ற இரத்த அழுத்த மருந்தைக் கொடுத்து உயிரிழப்பைப் பெரிதும் குறைத்தார். நாய்க்கும் அம்மருந்து உதவக்கூடும். ஆனால் அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். பாம்புக்கடிக்குரிய நஞ்சுமுறி ஊசி தேள் நஞ்சுக்கு வேலை செய்யாது.

பாராசிட்டமால் கொடுக்காதது நல்லது. அளவு மீறினால் அது நாயின் ஈரலையும் சிவப்பணுக்களையும் கெடுக்கும். ஐபுபுரூஃபன் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் தாக்கும்.

பதில் 2 (தருமபுரி)

எங்கள் நாயைக் கொட்டியது கருந்தேள். பெரிய உருவத்தைக் கண்டு நடுங்கிப்போனோம், ஆனால் வீக்கம் ஒரே நாளில் வடிந்துவிட்டது. முன்பக்க இடுக்கிகள் மெலிந்து வால் தடித்திருக்கும் தேளுக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும் என்று அப்போது மருத்துவர் சொன்னார். தேளைக் கையால் பிடிக்க முயலாமல் கைப்பேசியில் படம் எடுத்துச் செல்லுங்கள். புற ஊதா விளக்கொளியில் தேள்கள் பச்சையாக ஒளிரும் என்பதால், நாங்கள் இப்போது இரவில் அந்த விளக்கோடுதான் கொல்லையைச் சுற்றி வருகிறோம்.

கேட்டவர்

கட்டை நேற்றிரவே அவிழ்த்துவிட்டோம் என்பதை எழுத மறந்துவிட்டேன், மன்னிக்கவும். பதில்களைப் படித்தவுடன் மருத்துவரிடம் கொண்டு சென்றோம். இதயத் துடிப்பு சற்று மிகையாக இருந்தாலும் நுரையீரலில் நீர் இல்லை என்றார்; மாலைவரை அங்கேயே வைத்துக் கவனித்து அனுப்பினார். இப்போது உறங்கும் நாயின் மூச்சை எண்ணினேன்: 22. செங்கற்களை நாளை அப்புறப்படுத்துகிறோம்.