பேஸ் கித்தாரைக் கேட்க வழி உண்டா?

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்க மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகா 1988இல் வெளியிட்ட ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்தை, பாம்பனில் எங்கள் வீட்டு மாடியில், கடற்காற்றின் இரைச்சல் புகாதபடி சன்னலைச் சாத்திவிட்டு ஹெட்போனில் மூன்று முறை கேட்டும், 1986இல் விபத்தில் இறந்த, அக்குழுவின் பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டனின் இடத்திற்கு வந்த ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸ் கித்தார் (தாழ்ந்த சுரங்களை இசைக்கும் கித்தார்) காதில் விழவே இல்லை. குறை ஹெட்போனில் அல்ல, ஒலிக்கலவையில்தான் என்பதை அறிவேன். புதிதாக வந்தவரை இப்படி அமுக்கியது அநியாயம் (நீதி தலைப்பில் மட்டும் இருக்கிறது). ‘ஒன்’ பாடலின் பிற்பகுதியில் டிரம்மும் கித்தாரும் இயந்திரத் துப்பாக்கிபோல் சேர்ந்து வெடிக்கும் இடத்திற்காக மட்டுமே பொறுத்துக்கொள்கிறேன். 2018இல் வந்த மறுபதிப்பை வாங்குவதால் பயன் உண்டா, அல்லது ஈக்வலைசரில் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் அமைப்பு) எந்தப் பகுதியை உயர்த்தினால் பேஸ் சற்றேனும் தெளியும் என்பதை, பழைய பதிப்பையும் மறுபதிப்பையும் ஒப்பிட்டுக் கேட்டவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.