புதுப்பிப்பு: தினசரிக்கு ஏற்ற வெள்ளை ஒயின் கிடைத்துவிட்டது

இனிப்பில்லாத, விலை கட்டுப்படியாகிற பிரெஞ்சு வெள்ளை ஒயின் எது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலரும் மஸ்கடே என்றீர்கள். அதேதான்! மேற்கு பிரான்சில் லுவார் ஆறு கடலில் சேர்கிற நான்த் நகரத்துப் பக்கம், மெலோன் த பூர்கோஞ் திராட்சையில் செய்வது.

லேபிளில் 'சுர் லி' என்று இருக்கிறதா, கட்டாயம் பாருங்கள். 'வண்டலின் மேல்' என்று அர்த்தம்: நொதித்தபின் அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலை வடிக்காமல், குளிர்காலம் முழுக்க அதன் மேலேயே விட்டுவைத்துப் பிறகு பாட்டிலில் அடைப்பார்கள். அந்த மெல்லிய ரொட்டி வாசம் அதிலிருந்து வருவதுதான். நேற்று 7 யூரோ பாட்டிலைத் திறந்து, பூண்டு போட்டு வேகவைத்த மட்டியோடு குடித்தேன். எலுமிச்சை பிழியவே தோன்றவில்லை.

பிக்பூல் த பினே என்ற இன்னொரு பிரெஞ்சு வெள்ளை ஒயினைச் சொன்னவருக்கும் நன்றி. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் என் மனசு மஸ்கடேயில் நின்றுவிட்டது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் கழித்து ஊற்றுங்கள். ரொம்பக் குளிர்ந்திருந்தால் வாசமே தெரியாது.